ஆறு மீட்டர் முகப்பில் ஒரு வண்டிப் பட்டறை: எவ்வளவு இடம் வேண்டும்?

ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: "அண்ணே, மாமனார் வீட்டோடு வந்துவிட்டோம். செராங்கூன் கார்டன் பக்கம் வரிசைத் தரைவீடு. முன்பக்கம் சுவருக்குச் சுவர் 6.3 மீட்டர். கேட்டிலிருந்து வாசல் சுவர் வரை 6.8 மீட்டர். போர்ச், அதாவது வீட்டு முகப்பில் கார் நிறுத்தும் இடம், அதன் கூரை உயரம் 2.8 மீட்டர். வீட்டுக் கார் ஹோண்டா வெசல். என்னிடம் ஒரு பழைய மினி காரும் ஒரு வெஸ்பா ஸ்கூட்டரும் இருக்கின்றன. 24க்கு 24 அடி இடம் இல்லாமல் வீட்டில் பட்டறை போடவே கூடாது என்று காணொளிகளில் சொல்கிறார்கள். என் இடம் போதுமா? காரைத் தூக்கும் லிஃப்ட் போடலாமா? போர்ச்சைச் சுவர் வைத்து அடைத்துவிடலாமா?"

தம்பி, இடம் போதும். லிஃப்ட் வேண்டாம். சுவர் வைத்து அடைக்கவே வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் அந்த 24 அடிக் கணக்கை விட்டுவிடுங்கள். 24 அடி என்றால் 7.3 மீட்டர். இங்கே இடைவரிசைத் தரைவீட்டு மனைக்கு நகர மறுசீரமைப்பு ஆணையம் வைத்திருக்கும் குறைந்தபட்ச அகலமே 6 மீட்டர்தான். அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டிருந்தால் சிங்கப்பூரில் வரிசை வீட்டுக்காரர் யாரும் ஸ்பேனரைக் கையில் எடுக்க முடியாது. அது பெரிய பிக்கப் வண்டிகளும் அகன்ற மனைகளும் உள்ள ஊர்க்காரர்கள் தங்களுக்காகப் போட்ட கணக்கு.

இடத்தை எப்படி அளப்பது என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். வண்டியின் நீள அகலத்தை அளந்து, சுற்றிலும் கொஞ்சம் கூட்டி, போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். இங்கே ஒரு கார் நிறுத்தும் கட்டம் குறைந்தது 2.4க்கு 4.8 மீட்டர், அதாவது பதினொன்றரைச் சதுர மீட்டர். வண்டி நிற்கத்தான் அந்த இடம். வேலை என்று வந்துவிட்டால் கதவு திறக்க வேண்டும், ஆள் குந்த வேண்டும், ஜாக்கின் கைப்பிடி மேலும் கீழும் போய்வர வேண்டும், கழற்றிய சாமானை வைக்க வேண்டும். ஆகவே வண்டியை விட்டுவிட்டு வேலையை அளந்து பாருங்கள். நீங்கள் அடிக்கடி செய்யப்போகும் வேலை எது, அதைச் செய்யும்போது உங்கள் முழங்கால் எங்கே இருக்கும், கை எவ்வளவு தூரம் பின்னால் வரும் என்பதுதான் கணக்கு.

நான் பட்ட பாட்டிலிருந்தே சொல்கிறேன். முப்பது வருடம் பட்டறைகளில் வேலை பார்த்த பிறகுதான் என் வீட்டு முகப்பில் இடம் ஒதுக்கினேன். அப்படியும் முதல் ஏற்பாடு தப்பாகப் போனது. சுவருக்கும் காருக்கும் நடுவே அரை மீட்டர் விட்டிருந்தேன். பக்கவாட்டில் நடந்து போக முடிந்தது, அது போதும் என்று நினைத்தேன். பிரேக் பேட் மாற்ற உட்கார்ந்தபோது முதுகு சுவரில் இடித்தது. பக்கவாட்டில் ஜாக்கை வைத்தால் கைப்பிடி சுவரில் முட்டி, மூன்றில் ஒரு பங்கு தூரம்தான் இறங்கியது. கடைசியில் ஒரு சக்கரத்தைக் கழற்றிய காரை அப்படியே விட்டுவிட்டு, மழை நின்றபின் சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தள்ளி வைத்து மறுபடி ஆரம்பித்தேன். அரை மணி நேர வேலைக்கு ஒரு சனிக்கிழமை முழுவதும் போய்விட்டது.

அன்றிலிருந்து நான் வைத்திருக்கும் அளவுகள் இவை. ஆள் நடக்க 60 சென்டிமீட்டர். குந்தி உட்கார்ந்து சக்கரத்தில் வேலை பார்க்க, கதவை முழுக்கத் திறந்து உள்ளே எட்ட, ஒரு மீட்டர். முன்னால் நின்று எஞ்சினைப் பார்க்கவும் ஒரு மீட்டர், ஆனால் அங்கே பெஞ்ச் போட்டால் அதன் 60 சென்டிமீட்டரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சக்கர ஜாக்கை முன்பக்கமாக உள்ளே தள்ளி அழுத்த ஒன்றரை மீட்டர். எஞ்சினை வெளியே தூக்கும் கிரேன் வந்தால் முன்னால் இரண்டு மீட்டருக்குக் குறையக் கூடாது, ஏனென்றால் தூக்கிய எஞ்சினோடு கிரேனைப் பின்னுக்கு இழுக்க வேண்டும்.

இப்போது உங்கள் இடத்துக்கு வருவோம். மினி 3.05 மீட்டர் நீளம், 1.41 மீட்டர் அகலம். வெசல் 4.33 மீட்டர் நீளம், 1.79 அகலம். நம் ஊரில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். இந்த ஒரு விஷயத்தை வைத்தே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடலாம். வெசலை வீட்டைப் பார்த்தபடி இடச்சுவரை ஒட்டி நிறுத்துங்கள், சுவருக்கும் அதற்கும் 30 சென்டிமீட்டர் போதும். ஓட்டுபவர் வலப்பக்கம் இறங்குவார், மற்றவர்களைக் கேட்டுக்கு வெளியே முன்னாலேயே இறக்கிவிடலாம். அதற்கடுத்து 1.2 மீட்டர் வழி. பிறகு மினி. மினிக்கு வலப்பக்கம் சுவர் வரை எவ்வளவு மிச்சம் என்று கூட்டிப் பாருங்கள்: 0.3, 1.79, 1.2, 1.41 சேர்த்தால் 4.7 ஆகிறது. மிச்சம் 1.6 மீட்டர். 60 சென்டிமீட்டர் பெஞ்ச், ஒரு மீட்டர் நிற்கும் இடம். அளந்து தைத்த சட்டை மாதிரி உட்காருகிறது.

நடுவில் உள்ள அந்த 1.2 மீட்டரை மட்டும் யார் கேட்டாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். அது பட்டறைக்கு உரியது இல்லை, வீட்டுக்கு உரியது. மாமியார் சந்தையிலிருந்து பையோடு வரும் வழி அது, பிள்ளை பள்ளிப்பையோடு ஓடிவரும் வழி அது. ஒரு நாள் அதில் எண்ணெய்த் தட்டை வைத்தீர்கள் என்றால், மறுநாளே இந்தப் பட்டறை வேண்டாம் என்று வீட்டில் பேச்சு வரும். அவர்கள் சொல்வதும் நியாயம்தான். மாமனார் வீடு என்பதால் இதை இன்னும் அழுத்திச் சொல்கிறேன்.

நீளவாக்கில் பார்த்தால் 6.8 மீட்டரில் மினிக்கு 3.05 போக 3.75 மீட்டர் கையில் இருக்கிறது. எஞ்சினை மூடும் பானட் வீட்டுப் பக்கம் இருக்கட்டும், சுவருக்கும் அதற்கும் இரண்டு மீட்டர் விடுங்கள். சிலர் வெளிச்சத்துக்காக பானட்டைக் கேட்டுப் பக்கம் வைப்பார்கள். நான் அப்படிச் செய்ய மாட்டேன். எஞ்சின் பக்கம் மழைச்சாரல் படாமல் இருக்க வேண்டும், புகைக்குழாய் வெளியே பார்த்து இருக்க வேண்டும். வெளிச்சத்தை விளக்குப் போட்டுக் கொண்டுவந்துவிடலாம்.

அந்த இரண்டு மீட்டர் கூடுதல் என்று தோன்றலாம். பழைய மினியின் எஞ்சின் குறுக்கே உட்கார்ந்திருக்கும், கியர்பாக்ஸ் அதற்கு அடியிலேயே ஒரே எண்ணெயில் ஓடும். கிளட்ச் மாற்ற எஞ்சினைக் கழற்ற வேண்டாம், ஆனால் கியர்பாக்ஸில் கை வைக்க வேண்டும் என்றால் இரண்டையும் சேர்த்தே வெளியே எடுக்க வேண்டும். இந்த வயதான வண்டியில் அந்த நாள் என்றைக்காவது வரும். அன்று கிரேனுக்கு வழி இல்லை என்று தெரிந்தால் எவ்வளவு வேதனை என்பது எனக்குத் தெரியும். மற்ற நாட்களில் அங்கே எதையாவது வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சக்கரம் வைத்ததாகப் பார்த்து வையுங்கள், அரை மணி நேரத்தில் தள்ளிவிட்டு இடத்தைக் காலி செய்ய முடிய வேண்டும்.

பின்னால் மிச்சம் 1.75 மீட்டர். வெஸ்பாவைக் குறுக்கே நிறுத்தினால் 70 சென்டிமீட்டர் போகும், ஒரு மீட்டர் மீதி. மினியை எடுக்கும்போது வெஸ்பாவை வெளியே தள்ள வேண்டியிருக்கும், அது பெரிய வேலை இல்லை. வெஸ்பாவில் வேலை செய்யும் நாளில் வெசலைக் கொஞ்ச நேரம் வெளியே நிறுத்திவிட்டு, அதன் இடத்துக்கு வெஸ்பாவைக் கொண்டுவாருங்கள். ஸ்கூட்டருக்கு இருபுறமும் 80 சென்டிமீட்டர் கிடைத்தால் எஞ்சினையே இறக்கி வேலை பார்க்கலாம்.

கேட் எந்த வகை என்று நீங்கள் சொல்லவில்லை. இதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். இரண்டு கதவு உள்பக்கமாகத் திறக்கும் கேட் என்றால், ஒவ்வொரு கதவும் ஏறக்குறைய இரண்டு மீட்டர் கால்வட்டத்தை விழுங்கிவிடும். வெசல் பக்கம் பிரச்சினை இல்லை. வாசல் சுவரிலிருந்து 40 சென்டிமீட்டர் விட்டு நிறுத்தினால் பின்னால் இரண்டு மீட்டருக்குச் சற்று மேல் இருக்கும், உரசாமல் போய்விடும். மினி பக்கம் வெஸ்பா நிற்பதால் கதவு இடிக்கும். கேட்டைச் சாலைப் பக்கம் திறக்கும்படி மாற்றலாம் என்று நினைக்காதீர்கள், அதற்கு அனுமதி இல்லை. மடக்குக் கதவு அல்லது நகரும் கதவாக மாற்றுங்கள். நீங்கள் செலவு செய்வதாக இருந்தால் லிஃப்டுக்கு முன்னால் இதற்குச் செய்யுங்கள்.

லிஃப்ட் ஏன் வேண்டாம் என்கிறேன்? இரண்டு தூண் லிஃப்டில் வண்டியைத் தூக்கி நீங்கள் அடியில் நிற்க வேண்டும் என்றால் 1.75 மீட்டராவது தூக்க வேண்டும். மினியின் உயரம் 1.35. கூட்டினால் 3.1, உங்கள் கூரை 2.8. அத்தோடு முடிந்தது. கத்தரிக்கோல் மாதிரி மடிந்து தூக்கும் சின்ன லிஃப்ட் 1.2 மீட்டர் போல உயர்த்தும். மினிக்கு 2.55 ஆகிறது, இடிக்காது. வெசல் 1.6 மீட்டர் உயரம், கூட்டினால் சரியாகக் கூரையைத் தொடும். தவிர, அந்த வகை லிஃப்ட் வண்டிக்கு நடுவிலேயே உட்காருவதால் புகைக்குழாய், கியர்பாக்ஸ் வேலைக்கு அதுவே தடையாக நிற்கும். நல்ல தாழ்ந்த ஜாக் ஒன்று, தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் தரமான ஜாக் ஸ்டாண்ட் நான்கு, படுத்துத் தள்ளிப்போகும் சக்கரப் பலகை ஒன்று. வீட்டு வேலையில் பத்தில் ஒன்பதை இவற்றை வைத்தே முடிக்கலாம்.

தரையைப் பற்றி இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும், இது உயிர் சம்பந்தப்பட்டது. போர்ச் தரை சமமாக இருக்காது. மழைநீர் வடிய கேட்டை நோக்கிச் சரித்துத்தான் கட்டியிருப்பார்கள், சாலையைவிட வீடு உயரமாக இருந்தால் சரிவு இன்னும் கூடும். ரசமட்டம் வைத்துப் பாருங்கள். மினியின் கைபிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிய நிமிடம் கைபிரேக் இருந்தும் இல்லாத மாதிரிதான், வண்டி கேட்டை நோக்கி உருளப் பார்க்கும். முன்சக்கரங்களுக்குச் சரிவுப் பக்கத்தில் கட்டை வைக்காமல் ஜாக்கைத் தொடாதீர்கள். பெரும்பாலான போர்ச்சுகளில் ஓடு பதித்திருப்பார்கள். ஜாக் ஸ்டாண்டின் கால் அழுத்தும் இடத்தில் ஓடு விரிசல் விட்டால் ஸ்டாண்ட் சாயும். 18 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையில் நாலு துண்டு, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். வெறும் ஜாக்கை நம்பி ஒருபோதும் அடியில் போகாதீர்கள். வீட்டில் உங்களைக் கூப்பிட ஆட்கள் இருக்கிறார்கள்.

அடைத்துக் கட்டும் யோசனைக்கு வருகிறேன். சுவர் எழுப்பி போர்ச்சை அறையாக்குவது அனுமதி வாங்கிச் செய்ய வேண்டிய கட்டட வேலை, அதற்குத் தகுதிபெற்ற கட்டடக் கலைஞரைப் பார்க்க வேண்டும். அனுமதி கிடைக்கும் என்றே வைத்துக்கொண்டாலும் நான் செய்ய மாட்டேன். திறந்த போர்ச்சில் எஞ்சினை ஓடவிட்டால் புகை போய்விடும். அடைத்த இடத்தில் கார்பன் மோனாக்சைடு தேங்கும், அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பெட்ரோல் ஆவி தரையோடு தங்கும். நம் ஊர் வெக்கையில் நாலு சுவருக்குள் மதியம் ஒரு மணிக்கு வேலை பார்ப்பதும் முடியாத காரியம்.

மழைதான் உங்கள் கவலை என்றால், இறக்கிவிடும் மழைத்திரை ஒன்றைக் கேட்டுப் பக்கம் போடுங்கள். விடியற்காலையில் வீசும் சுமத்ராக் காற்று மழையைக் குறுக்கே அடித்துக்கொண்டு வரும், திறந்த போர்ச்சில் ஒன்றரை மீட்டர் உள்ளே வரை நனைந்துவிடும். அதனால் கருவிப்பெட்டியும் கழற்றிய பாகங்களும் வீட்டுச் சுவர் பக்கம்தான் இருக்க வேண்டும். ஈரப்பதத்துக்குத் திரை உதவாது. வெறும் இரும்பாக எதையும் இரவில் விட்டுவிடாதீர்கள், எண்ணெய் தடவி வையுங்கள்.

அப்புறம், பழைய டயர், வாளி, எண்ணெய் பிடிக்கும் தட்டு என்று எதிலாவது மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். தேசியச் சுற்றுப்புற வாரியம் வீடு வீடாகச் சோதனைக்கு வரும், அபராதம் போடும். அபராதத்தைவிட டெங்கிக் காய்ச்சல் பெரிது. பழைய டயர்களைப் போர்ச்சில் சேர்க்கவே வேண்டாம், மற்றவற்றைக் கவிழ்த்து வைக்கப் பழகுங்கள்.

பாகங்கள் வைக்கும் இடத்தை நீங்கள் குறைத்து மதிப்பிட்டிருப்பீர்கள், எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம். முழுக்கக் கழற்றிய கார், கழற்றாத காரைப்போல இரண்டு மடங்கு இடம் கேட்கும். இருக்கைகள், கதவுகள், பானட், பம்பர், ஸ்டாண்டில் ஏற்றிய எஞ்சின், எல்லாம் தரையில் படுத்துக்கொள்ளும். அதனால் மேல்நோக்கி யோசியுங்கள். பெஞ்சுக்கு மேலே 30 சென்டிமீட்டர் ஆழத்தில் தட்டுகள், பானட் சுவர்ப்பக்கம் 45 சென்டிமீட்டர் ஆழத்தில் சக்கரம் வைத்த ஒரு இரும்பு அலமாரி. பெஞ்ச் உயரம் உங்கள் முழங்கைக்குக் கீழே ஒரு சாண் தாழ்வாக இருக்கட்டும், பலருக்கு 90 சென்டிமீட்டர் பக்கம் வரும். ஆழத்தை 60க்கு மேல் கூட்டாதீர்கள். ஆழமான பெஞ்சின் பின்பாதியில் சாமான் குவியுமே தவிர வேலை நடக்காது. பாகங்களை இறுக்கிப் பிடிக்கும் வைஸை பெஞ்சின் ஓரத்தில், நீளமான கம்பியைப் பிடித்தால் அது வழியில் நீட்டாதபடி மாட்டுங்கள்.

ஒரே சமயத்தில் எவ்வளவு கழற்றலாம் என்பதற்கும் இடம்தான் எல்லை. எண்ணெய் மாற்றுவது, பிரேக், பிளக், சஸ்பென்ஷன் ரப்பர் எல்லாம் உங்கள் இடத்தில் தாராளமாகச் செய்யலாம். எஞ்சின் இறக்குவதும் முடியும், வருடத்துக்கு ஒருமுறை, திட்டம் போட்டு. உடல் தகடு வெட்டி ஒட்டுவதும் பெயிண்ட் அடிப்பதும் வேண்டாம். பெயிண்ட் தூசி பொதுச்சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுத் துணியில் படியும், தீ அபாயமும் உண்டு. அதற்கு காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் பட்டறைகள் இருக்கின்றன, அங்கே கொடுத்துவிடுங்கள். நண்பர்களின் வண்டியைக் காசு வாங்கிக்கொண்டு பார்ப்பதும் கூடாது. வீட்டில் இருந்தபடி செய்ய அனுமதிக்கும் தொழில்களில் வாகனம் பழுதுபார்ப்பது சேராது.

மின்சாரத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் வீட்டு 13 ஆம்பியர் பிளக் ஏறக்குறைய 3 கிலோவாட் வரை தாங்கும், ஒன்றரைக் கிலோவாட் கம்ப்ரஸருக்கு அது போதும். ஆனால் வீட்டு ஹாலிலிருந்து நீட்டிப்பு வயர் இழுக்காமல், உரிமம் பெற்ற மின்பணியாளரை வைத்து போர்ச்சுக்கென்று தனி இணைப்பும், தண்ணீர் படாத மூடியுள்ள சாக்கெட்டும் போட்டுக்கொள்ளுங்கள். பெஞ்ச் பக்கம் இரண்டு, பானட் பக்கம் இரண்டு. கம்ப்ரஸர் வாங்கும்போது ஓசை குறைந்ததாகப் பாருங்கள், பொதுச்சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், இரவு வேலைக்கு அதைத் தொடாதீர்கள். தீயணைப்பான் வீட்டு வாசல் பக்கம் தொங்கட்டும். காருக்குப் பின்னால் மாட்டினால் தீயைத் தாண்டிப் போய்த்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

கழிவு எண்ணெய்க்கும் இடம் ஒதுக்க வேண்டும், அதை யாரும் வரைபடத்தில் போடுவதில்லை. மினி ஒருமுறைக்கு ஐந்து லிட்டர் பக்கம் கொட்டும். பெஞ்சுக்கு அடியில், மூடியுள்ள ஒரு கேன் நிற்க அரை மீட்டர் சதுரம் ஒதுக்குங்கள், சிந்தியதை உறிஞ்ச, பக்கத்தில் ஒரு பை மரத்தூளோ பூனைக் கழிவுக்குப் போடும் மண்ணோ இருக்கட்டும். உங்கள் கேட்டுக்கு முன்னால் ஓடும் வாய்க்கால் சாக்கடை இல்லை, மழைநீர் வாய்க்கால். இந்தத் தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீர்ப்பிடிப்புப் பகுதி, அதில் விழும் மழை 17 நீர்த்தேக்கங்களுக்குப் போகிறது. சிந்திய எண்ணெயைத் தண்ணீர் அடித்துக் கழுவித் தள்ளினால், நாம் குடிக்கும் தண்ணீரில் ஊற்றிய கதைதான். அது சட்டப்படி குற்றமும்கூட. கேன் நிறைந்ததும், தெரிந்த பட்டறை ஒன்றில் கேட்டுக் கொடுங்கள். அவர்களிடமிருந்து உரிமம் பெற்றவர்கள் வந்து எடுத்துப் போவார்கள்.

வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. கார்ப்பேட்டைக் கட்டம் வண்டி நிறுத்த மட்டுமே, அங்கே ஜாக் போட்டு வேலை செய்யாதீர்கள். தாழ்வாரத்திலும் 1.2 மீட்டர் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும், அங்கே எஞ்சின் பாகங்களை அடுக்க முடியாது. கார்பரேட்டர், டைனமோ போன்ற சின்னப் பாகங்களைக் கழற்றிக்கொண்டுபோய், துடைத்து, வீட்டுக்குள் ஒரு மேசையில் வேலை பார்க்கலாம். அதற்கு ஒன்றரை மீட்டர் மேசையும் நல்ல விளக்கும் போதும். பெட்ரோலில் கழுவுவதை மட்டும் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள்.

தம்பி, எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை இப்படிச் செய்யுங்கள். போர்ச்சில் மாஸ்கிங் டேப்பை ஒட்டி வெசல், மினி, பெஞ்ச், அலமாரி, கேட் திறக்கும் கால்வட்டம் எல்லாவற்றையும் தரையில் வரையுங்கள். இரண்டு கார்களையும் அந்தக் கோட்டுக்குள் நிறுத்துங்கள். பெஞ்ச் இருக்கும் இடத்தில் பழைய மேசையோ அட்டைப்பெட்டிகளோ வையுங்கள். பிறகு மினியின் முன்சக்கரம் இரண்டையும் கழற்றி, பிரேக்கைப் பார்த்து, திரும்ப மாட்டுங்கள். நடிக்காமல் உண்மையாகவே செய்யுங்கள். எங்கே இடித்தது, எத்தனை முறை எழுந்து கருவி எடுக்கப் போனீர்கள், மாமியார் நடந்துபோனபோது நீங்கள் நகர வேண்டியிருந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். டேப்பை ஒரு வாரம் அப்படியே விட்டுவைத்து, வெசல் தினமும் வந்து போவதையும் பாருங்கள். அந்தக் குறிப்பையும், கேட் எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் எழுதி அனுப்புங்கள். பெஞ்சை வலச்சுவரிலேயே வைப்பதா, பானட் பக்கம் மாற்றுவதா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.